ஓட்டையை எந்த இடத்தில் அடைப்பது?

2025 ஜனவரியில் ‘டாபர்நியூ’ என்ற சிறிய மென்பொருளுக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. மீடியாவிக்கி என்ற விக்கி மென்பொருளில் இயங்கும் தளங்களில் நீண்ட பக்கத்தைத் தாவல்களாகப் பிரித்துக் காட்டும் நீட்சி அது. ஒரு கிரிக்கெட் வீரரைப் பற்றிய பக்கத்தில் டெஸ்ட், ஒருநாள், டி20 என மூன்று தாவல்களை வைத்துவிட்டால், வாசகர் எதைச் சொடுக்குகிறாரோ அது மட்டும் விரியும். தாவலுக்குள் வேறொரு பக்கத்தைக் கொண்டுவந்து காட்டும் வசதியும் அதில் உண்டு. அதற்காகப் பயனர் எழுதித் தரும் பக்கப் பெயரை, நீட்சி எந்தச் சோதனையும் இல்லாமல் வலைப்பக்கத்துக்குள் போட்டுக்கொண்டிருந்தது. பெயருக்குப் பதிலாக ஒருவர் நிரல்துண்டு ஒன்றை எழுதிவைத்தால், பக்கத்தைத் திறப்பவர் உலாவியில் அது ஓடும். 2.7.2 பதிப்பில் அதை அடைத்தார்கள். அதே ஆண்டு ஜூனில் அதே நீட்சிக்கு இன்னொரு திருத்தம் வந்தது. இந்த முறை ஓட்டை, தாவலுக்கான குறிச்சொல்லில் பயனர் எழுதும் பண்புகளில் இருந்தது, 3.0.0 பதிப்பில் புகுந்தது, 3.1.1 பதிப்பில் நீங்கியது. பராமரிப்பவர்கள் எதையும் மறைக்கவில்லை. இரண்டு முறையும் வெளிப்படையாக அறிவித்துத் திருத்திய பதிப்பைத் தந்தார்கள். அப்படியிருந்தும் ஆறு மாதத்துக்குள் அதே வகைத் தவறு வேறோர் இடத்தில் முளைத்தது என்றால், கவனக்குறைவு என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. நிரலாளர் மறந்துபோனாலும் தவறு நேராதபடி மென்பொருளை அமைக்காதவரை, இந்த வகை ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்து முடியாது என்பதே என் கருத்து.

இந்த வகைத் தவறுக்கு ‘கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங்’ என்று பெயர். துறையில் சுருக்கமாக எக்ஸ்.எஸ்.எஸ். என்பார்கள். வலைப்பக்கம் உலாவிக்கு வந்து சேரும்போது ஒரே நீள எழுத்துச்சரமாகத்தான் வருகிறது. வாசகர் படிக்க வேண்டிய வாசகமும் அதில் இருக்கும். ‘இதைத் தடித்த எழுத்தில் காட்டு’, ‘இங்கே படத்தை வை’, ‘இந்த நிரலை ஓட்டு’ என்று உலாவிக்கான கட்டளைகளும் இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுபவை சில குறிகள்தான். < வந்தால் கட்டளை தொடங்குகிறது, > வந்தால் முடிகிறது. ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் கடிதம் எழுதும்போது, நடுவே ‘அடுத்த பாரா’ என்று காதில் விழுந்தால், எழுதுபவர் அந்தச் சொற்களை எழுதமாட்டார்; புதிய பத்தியைத் தொடங்குவார். எது கடிதம், எது தனக்குச் சொன்னது என்று அவருக்குத் தெரியும். உலாவிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. தளத்தின் சொந்தக்காரர் எழுதிய கட்டளையும், முகம் தெரியாத ஒருவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் எழுதிவிட்டுப்போன கட்டளையும் அதற்கு ஒன்றுதான். ஒரே தளத்திலிருந்து வந்தவை என்பதால் இரண்டுக்கும் ஒரே அதிகாரம்.

இதன் வேர் 1995-இல் இருக்கிறது. அந்த மார்ச்சில் வார்டு கன்னிங்ஹாம், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய முதல் விக்கியை வலையில் வைத்தார். ஜூனில் ராஸ்மஸ் லெர்டார்ஃப் பி.எச்.பி.யை வெளியிட்டார், மீடியாவிக்கி எழுதப்பட்டிருப்பது அந்த மொழியில்தான். டிசம்பரில் நெட்ஸ்கேப் நிறுவனம் ஜாவாஸ்கிரிப்டை அறிவித்தது. எல்லோரும் எழுதலாம், எழுதியதை எளிதாகக் கோத்துப் பக்கம் தயாரிக்கலாம், அந்தப் பக்கத்துக்குள் நிரலை ஓட்டலாம் என்ற மூன்று வசதிகளும் ஒரே ஆண்டில் பிறந்தன. மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது புரியச் சில ஆண்டுகள் ஆயின. 2000 பிப்ரவரியில் அமெரிக்காவின் செர்ட் மையம் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அதற்குச் சற்று முன்புதான் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் இதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. மைட்டர் அமைப்பு 2024-இல் வெளியிட்ட மிக ஆபத்தான 25 மென்பொருள் பலவீனங்களின் பட்டியலில் முதலிடம் இன்னமும் இதற்குத்தான். இத்தனைக்கும் என்ன செய்ய வேண்டும் என்பது அந்த முதல் எச்சரிக்கை வந்த நாளிலிருந்தே தெரியும்.

விக்கியில் இந்தத் தவறுக்கு வலு அதிகம். ரயில் முன்பதிவுத் தளத்தில் பயனர் நிரப்புவது சில பெட்டிகளைத்தான். விக்கியிலோ பக்கமே பயனர் எழுதியது. மீடியாவிக்கியின் மையப் பகுதி இதை நன்றாக உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. விக்கிப்பீடியாவைத் தாங்குவது அதுதான். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், தமிழ் விக்சனரியும் அதில்தான் இயங்குகின்றன. பயனர் எழுதுவதில் அனுமதிக்கப்பட்ட சில குறிச்சொற்கள் மட்டுமே செல்லுபடியாகும். நிரலை ஓட்டச் சொல்லும் ஸ்கிரிப்ட் குறிச்சொல்லை எழுதினால் அது வெறும் எழுத்தாகத் திரையில் தெரியும். ‘சொடுக்கினால் இந்த நிரலை ஓட்டு’ போன்ற பண்புகள் கழற்றப்பட்டுவிடும். சிக்கல் நீட்சிகளில் தொடங்குகிறது. வரைபடம், படிவம், காணொளி, தாவல் என்று மையத்தில் இல்லாத வசதிகளைச் சேர்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீட்சிகள் உள்ளன. ஒரு நீட்சி தனக்கென்று ஒரு குறிச்சொல்லைப் பதிவுசெய்துகொண்டால், பயனர் அதற்குள் எழுதியதை மீடியாவிக்கி எழுதியபடியே அதன் கையில் கொடுத்துவிடும். நீட்சி திருப்பித் தருவதை எச்.டி.எம்.எல். ஆகவே, அதாவது உலாவிக்கான கட்டளைகளும் கலந்த வடிவமாகவே ஏற்றுப் பக்கத்தில் வைத்துவிடும். நடுவில் மையத்தின் வடிகட்டி குறுக்கிடாது. பல ஆண்டு அனுபவத்தில் கட்டிய காவல் அந்த ஓரிடத்தில் விலகி நிற்க, ஓய்வு நேரத்தில் நீட்சி எழுதிய ஒருவரின் நினைவாற்றல்தான் மொத்தத் தளத்தையும் காக்க வேண்டியிருக்கிறது.

நிரல்துண்டு ஓடினால் என்ன கெட்டுவிடும்? ஓட்டையை நிரூபிக்கும் ஆய்வாளர்கள், திரையில் ஒரு சின்னப் பெட்டி தோன்றும்படி செய்து காட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதைப் பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்று நினைப்பவர்கள் உண்டு. ஓடுகிற நிரலுக்கு, பக்கத்தைத் திறந்தவரின் அதிகாரம் முழுவதும் கிடைத்துவிடுகிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. அவர் புகுபதிகை செய்திருந்தால் அவர் பெயரில் பக்கங்களைத் திருத்தலாம். திருத்துவதற்கு வேண்டிய ரகசியக் குறியீட்டையும் அதே நிரல் தளத்திடமே கேட்டு வாங்கிக்கொள்ளும். திறந்தவர், தளத்தின் பொது நிரலைத் திருத்தும் உரிமை பெற்ற இடைமுக நிர்வாகியாக இருந்துவிட்டால், தளம் முழுவதற்குமான பொது ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் தன்னையே நகலெடுத்து வைத்துக்கொள்ளும். அதன்பின் அந்த விக்கிக்கு வரும் ஒவ்வொருவர் உலாவியிலும் ஓடும். தாவல் நீட்சியின் பெயரைக்கூட அவர்கள் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பக்கத்தில் போட்ட துண்டு, ஒரு நிர்வாகி அதைத் திறந்த ஒரே காரணத்தால் தளத்தையே பிடித்துவிடுகிறது. சந்தேகமான திருத்தங்களைத் திறந்து பார்ப்பதுதான் நிர்வாகிகளின் அன்றாட வேலை என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இனி, அடைப்பு. இத்தகைய திருத்தங்களைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வரிகள்தான் மாறியிருக்கும். பயனர் தந்த எழுத்தைப் பக்கத்தோடு சேர்க்கும் இடத்தில் ‘எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ்’ என்ற பி.எச்.பி. செயற்கூறு நுழைந்திருக்கும். அது செய்யும் வேலை மிக எளிது. < குறியை அப்படியே அனுப்பாமல், ‘இங்கே இந்தக் குறியை எழுத்தாகக் காட்டு’ என்று உலாவி புரிந்துகொள்ளும் சுருக்கக் குறியீடாக மாற்றித் தரும். >, &, இரட்டை மேற்கோள், ஒற்றை மேற்கோள் ஆகியவற்றுக்கும் அப்படியே. ஐந்தே குறிகள். தமிழ் எழுத்துகளை அது தொடாது. பயனர் எழுதியது எழுதியபடியே திரையில் தெரியும், கட்டளையாக மட்டும் ஆகாது. இவ்வளவு எளிய வேலையிலும் ஒரு பொறி பல ஆண்டுகள் இருந்துவந்தது. 2021 நவம்பரில் பி.எச்.பி. 8.1 வரும்வரை, தனியாகக் கேட்டுக்கொண்டால் ஒழிய அந்தச் செயற்கூறு ஒற்றை மேற்கோளை மாற்றாது. பண்புகளை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதிப் பழகிய நிரலாளர், காப்பைப் போட்டுவிட்ட நிம்மதியோடு ஓட்டையைத் திறந்தே வைத்திருப்பார். 8.1-இல், கேட்காமலேயே மாற்றும்படி செய்தார்கள். புதிய பி.எச்.பி.க்கு மாறிய தளங்களில், நீட்சியின் நிரலில் யாரும் கைவைக்காமலே அந்த வகை ஓட்டை மூடிக்கொண்டது. கேட்டால்தான் காப்பு என்பதற்கும் கேட்காமலே காப்பு என்பதற்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

‘ஆபத்தான சொற்களை எழுதும்போதே தடுத்துவிட்டால் போயிற்று, வெளியே காட்டும் ஒவ்வோர் இடத்திலும் ஏன் மாரடிக்க வேண்டும்?’ என்ற கேள்வி இங்கே எழும். மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் செய்துபார்த்தது அதைத்தான். பயனர்கள் தங்கள் பக்கத்தில் எழுதுவதிலிருந்து ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்ற சொல்லை அந்தத் தளம் நீக்கிவந்தது. 2005 அக்டோபர் 4 அன்று சாமி கம்கார் என்ற இளைஞர் அந்தச் சொல்லை ‘ஜாவா’ என்று ஒரு வரியிலும் ‘ஸ்கிரிப்ட்’ என்று அடுத்த வரியிலுமாக உடைத்து எழுதினார். தளத்தின் வடிகட்டிக்கு அது வேறு சொல். சில உலாவிகளுக்கோ அதே சொல். தடுக்கப்பட்ட மேற்கோள் குறிகளை எண்களைக் கொண்டு உருவாக்கிக்கொண்டார். அவருடைய பக்கத்தைப் பார்த்தவர்களின் பக்கத்தில் நிரல் தன்னைப் படியெடுத்துக்கொண்டே போனது. 20 மணி நேரத்துக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பக்கங்களில் பரவிவிட்டது. சொற்களைத் தடுப்பவர், ஒரு சொல்லை எத்தனை விதமாக எழுதலாம் என்பதை எதிராளிக்கு முன்பே யோசித்து முடித்திருக்க வேண்டும். அது நடக்கிற காரியம் இல்லை. விக்கிக்கு இந்த வழி வேறொரு விதத்திலும் ஒவ்வாது. எச்.டி.எம்.எல். பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையில் ஸ்கிரிப்ட் குறிச்சொல்லை எழுதிக் காட்டத்தான் வேண்டும். அங்கே அது பாடம். எழுதுகிற நேரத்தில் ஓர் எழுத்து ஆபத்தானதா இல்லையா என்று சொல்லவே முடியாது; அது எங்கே போய் உட்காரப்போகிறது என்பது தெரிந்தால்தான் சொல்ல முடியும். பத்தியின் நடுவே < குறிதான் பகை. பண்புக்குள் மேற்கோள் குறி பகை. இணைப்பின் முகவரியிலோ அந்த ஐந்து குறிகளில் ஒன்றுகூட வேண்டாம். ‘ஜாவாஸ்கிரிப்ட்:’ என்று முகவரி தொடங்கினாலே போதும், ஐந்து குறிகளையும் மாற்றும் காப்பு அங்கே பயன்படாது. ஆகவே அடைக்க வேண்டிய இடம் வெளியே காட்டும் இடம்தான்.

வெளியே காட்டும் இடங்களோ ஒரு நீட்சியில் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். எல்லா இடத்திலும் நினைவோடு செய்ய வேண்டிய ஒரு வேலை எங்காவது ஓரிடத்தில் விட்டுப்போகும், மனிதர்கள் அப்படித்தான். இதை ஏற்றுக்கொண்ட மென்பொருள்கள் இயல்பையே மாற்றின. 2008-இல் வெளிவந்த ஜாங்கோ 1.0, வார்ப்புருவில் சேரும் எந்த மதிப்பையும் கேட்காமலேயே காப்பு மாற்றம் செய்தது. வேண்டாம் என்றால்தான் நிரலாளர் எழுத வேண்டும். 2013-இல் வந்த ரியாக்ட் இன்னும் ஒரு படி போய், காப்பில்லாமல் எழுதும் வழிக்கு ‘டேஞ்சரஸ்லி செட் இன்னர் எச்.டி.எம்.எல்.’ என்று பெயர் வைத்தது. ஆபத்து என்ற சொல்லைத் தன் கையால் தட்டச்சு செய்யாமல் ஒருவர் ஆபத்தைச் செய்ய முடியாது. நிரலைச் சரிபார்ப்பவர் அந்தச் சொல்லைத் தேடினாலே இடங்கள் கிடைத்துவிடும். மீடியாவிக்கியிலும் இதற்கு இணையான ஏற்பாடு உண்டு. ‘எலிமென்ட்’ என்ற செயற்கூறு உள்ளே வருவதைத் தானே மாற்றிவிடும். ‘ரா எலிமென்ட்’ மாற்றாது, அதன் பெயரே அது பச்சையானது என்று சொல்லிவிடுகிறது. ஆனால் இவற்றைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுத்துச்சரங்களைப் புள்ளி வைத்து ஒட்டி எச்.டி.எம்.எல். தயாரிக்கும் பழைய பி.எச்.பி. வழக்கம் இன்றும் செல்லும், பழைய நீட்சிகள் பலவும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஓட்டையை அடைக்கும் ஒட்டு, அந்த ஒட்டல் வரியின் நடுவே ஒரு செயற்கூறைச் செருகிவிட்டு நின்றால், அடுத்த மாதம் அதே கோப்பில் புதிய வசதி சேர்ப்பவர் மறுபடி புள்ளி வைத்து ஒட்டத்தான் போகிறார். அந்த வரியையே ‘எலிமென்ட்’ ஆக மாற்றி எழுதுவது அரை மணி நேர வேலை கூடுதல். அந்த அரை மணி நேரத்தைத்தான் நான் கேட்கிறேன்.

இதற்கு உதவியாக, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் பொறியாளர்கள் இரண்டு நல்ல கருவிகளை வைத்திருக்கிறார்கள். பயனரிடமிருந்து வந்த எழுத்து நிரலுக்குள் எந்தெந்த மாறிகள் வழியாகப் பயணித்து, காப்பு மாற்றம் இல்லாமல் வெளியே போகிறதா என்று நிரலை ஓட்டாமலேயே தடம்பிடிக்கும் சோதனைக் கருவி ஒன்று. மற்றது ஒரு பொய் மொழி. விக்கியின் பொத்தான்களிலும் தலைப்புகளிலும் வரும் வாசகங்கள் ‘இடைமுகச் செய்திகள்’ எனத் தனியே சேமிக்கப்பட்டு, டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் தன்னார்வலர்களால் மொழிபெயர்க்கப்படுகின்றன. தமிழ் வாசகங்களும் அப்படி வந்தவைதான். சோதனைக்கான விக்கியில் ‘எக்ஸ்-எக்ஸ்எஸ்எஸ்’ என்ற மொழியைத் தேர்ந்தெடுத்தால், எல்லாச் செய்திகளும் மொழிபெயர்ப்புக்குப் பதிலாகத் தாக்கும் நிரல்துண்டாக வரும். காப்பு மாற்றம் செய்யப்பட்ட இடங்களில் அந்தத் துண்டு அசிங்கமான எழுத்துகளாகத் திரையில் கிடக்கும். விட்டுப்போன இடத்தில் எச்சரிக்கைப் பெட்டி குதித்து, எந்தச் செய்தி என்று பெயரோடு சொல்லும். நீட்சியின் பக்கங்களை ஒருமுறை புரட்டினாலே ஓட்டைகள் தாமாகக் கையைத் தூக்கும்.

செய்திகளில் உள்ள ஓட்டைகளைப் பற்றி ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. இடைமுகச் செய்திகளைத் திருத்த நிர்வாகிகளால்தானே முடியும், நிர்வாகியை நம்பாவிட்டால் விக்கியே நடக்காதே, இதை ஓட்டை என்று சொல்வது மிகையில்லையா என்று கேட்கிறார்கள். 2018-க்கு முன்பு இதில் ஓரளவு உண்மை இருந்தது. அந்த ஆண்டுதான் மீடியாவிக்கி, தளம் முழுவதற்குமான ஜாவாஸ்கிரிப்டைத் திருத்தும் உரிமையைச் சாதாரண நிர்வாகிகளிடமிருந்து பிரித்து, ‘இடைமுக நிர்வாகிகள்’ என்ற சிறிய குழுவிடம் மட்டும் கொடுத்தது. ஒரு நிர்வாகியின் கடவுச்சொல் களவுபோனாலும் வாசகர்களின் உலாவிகள்வரை திருடனுக்கு வழி கிடைக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். ஒரு நீட்சி செய்தியைக் காப்பில்லாமல் காட்டினால், அந்தப் பிரிவினை அவ்விடத்தில் செல்லாததாகிவிடுகிறது. செய்தியைத் திருத்தும் சாதாரண நிர்வாகி உரிமை, நிரல் ஓட்டும் உரிமையாக மாறிவிடுகிறது. 2025 ஜூனில் ‘சிட்டிசன்’ என்ற மீடியாவிக்கித் தோற்றத்தில் இந்த வகை ஓட்டையைத்தான் அடைத்தார்கள்: கட்டளைப் பலகையின் அடிப்பகுதியில் வரும் செய்திகள் பச்சை எச்.டி.எம்.எல். ஆகச் சேர்க்கப்பட்டிருந்தன. அதைச் சில்லறைத் திருத்தம் என்று ஒதுக்கத் தோன்றவில்லை.

உலாவிகளே இப்போது காப்பு தருகின்றனவே என்பது இன்னொரு வாதம். புகுபதிகையை அடையாளம் காட்டும் குக்கிகளை ‘எச்டிடிபி ஒன்லி’ என்று குறித்துவிட்டால் நிரலால் அவற்றைப் படிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அவற்றைத் திருட வேண்டிய தேவையே இல்லாமல், திறந்திருக்கும் பக்கத்திலிருந்தே பயனர் பெயரில் நிரல் வேலை செய்துவிடும் என்பதை மேலே பார்த்தோம். எந்த நிரல் எங்கிருந்து வரலாம் என்று தளமே உலாவிக்குச் சொல்லும் ‘உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை’ இதைவிட வலுவானது. கடுமையாக அமைத்தால் நிச்சயம் பயன் உண்டு, அமைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் வலையில் புழங்கிய கொள்கைகளை ஆராய்ந்தபோது, நிரலைக் கட்டுப்படுத்த முயன்றவற்றில் 94 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை பயனற்று இருந்தன. பயனர்களே சிறு நிரல்களையும் கருவிகளையும் எழுதிப் பகிர்ந்துகொள்ளும் விக்கிப் பண்பாட்டில் கடுமையான கொள்கை அமைப்பது இன்னும் சிரமம். இரண்டாவது வேலியாக இருக்கட்டும். அதை நம்பி முதல் வேலியில் இடைவெளி விடக் கூடாது.

நீட்சிகளை எழுதுபவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், அவர்கள் தலையில் இத்தனையும் ஏற்றலாமா என்பதுதான் எனக்கு மிகவும் கனமாகத் தெரியும் ஆட்சேபம். ஏற்றக் கூடாது என்பதனால்தான் நினைவை நம்பும் முறை வேண்டாம் என்கிறேன். காப்பு எங்கே நடந்தது என்று தெரியாத நிரலில் இன்னொரு தொல்லையும் வரும். ஏற்கெனவே மாற்றிய எழுத்தை யாரோ மறுபடி மாற்றிவிட, & குறி இருக்க வேண்டிய இடத்தில் சுருக்கக் குறியீடு அப்படியே திரையில் தெரியும். வாசகர்கள் புகார் சொல்வார்கள். பழுதுபார்க்க வருபவர் இரண்டு மாற்றங்களில் ஒன்றை எடுத்துவிடுவார். தவறான ஒன்றை எடுத்துவிட்டால் புதிய ஓட்டை பிறக்கும். காட்டும் இடத்தில், ஒரே ஒரு முறை, செயற்கூறே தானாகச் செய்யும் என்று ஆகிவிட்டால் இந்தக் குழப்பத்துக்கும் இடமில்லை. பச்சை எச்.டி.எம்.எல். தேவைப்படும் நீட்சிகள் இருக்கத்தான் செய்யும். அவற்றில் தேவைப்படும் ஐந்தாறு வரிகளை மட்டும் இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

திருத்தம் வெளிவந்த பிறகுதான் விக்கி நடத்துபவரின் பங்கு தொடங்குகிறது. விக்கிமீடியாவின் நீட்சிகளில் ஓட்டை தெரியவந்தால், முதலில் பொதுப்பார்வைக்கு வராமல் வைத்துத் தங்கள் வழங்கிகளில் அடைத்துவிட்டுப் பிறகு அறிவிக்கிறார்கள். அறிவிப்பு வந்த கணத்தில், பழைய பதிப்பில் ஓட்டை எங்கே என்பது தாக்குபவருக்கும் தெரிந்துவிடுகிறது. திருத்தம் எந்த வரியில் நடந்தது என்று பார்த்தாலே போதும். நம்முடையது சின்ன விக்கி, யார் தேடி வரப்போகிறார்கள் என்று இருந்துவிட முடியாது. எந்த நீட்சி, எந்தப் பதிப்பு என்று மீடியாவிக்கி தளம் ஒவ்வொன்றும் தன் பதிப்புப் பக்கத்தில் தானே பட்டியல் போட்டு வைத்திருக்கிறது; அதைப் படித்துத் தளங்களைப் பொறுக்கியெடுக்க மனிதரே தேவையில்லை. புதிய பதிப்பை நிறுவியதோடும் முடிந்துவிடாது. ஒருமுறை தயாரித்த பக்கத்தின் எச்.டி.எம்.எல். வடிவத்தை மீடியாவிக்கி இடைச்சேமிப்பில் வைத்துக்கொண்டு அடுத்தடுத்த வாசகர்களுக்கு அதையே தரும். ஓட்டை இருந்த நாளில் தயாரான பக்கம், நுழைந்த நிரலோடு அங்கே அப்படியே கிடக்கலாம். ஆகவே இடைச்சேமிப்பைக் காலிசெய்ய வேண்டும். அந்த நீட்சியின் குறிச்சொல் வரும் பக்கங்களைத் தேடி, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பொது ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தின் வரலாற்றைத் திறந்து, கடைசியாக யார் பெயரில் என்ன மாறியது என்று கவனித்து, அந்த மாற்றத்தைத் தாம்தான் செய்தாரா என்று உரியவரிடமே கேட்டுவிட வேண்டும்.